அழகாகக் கட்டுகிறவன்

என் தம்பி போட்ட கட்டைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை. வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரங்கள் சீராக மடிந்து, டேப் நேர்கோடு பிடித்த மாதிரி ஒட்டி, கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கிற பொருள் போல இருக்கும். உள்ளே இருக்கிற புண் என்ன ஆனது என்று கேட்டால்தான் வம்பு.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் அவனுக்குக் கட்டு டாக்டர் என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது. அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று யாராவது "கட்டு டாக்டர் இருக்காரா?" என்று கேட்டால், சட்டென்று வெளியே வரமாட்டான். கொஞ்ச நேரம் காத்திருக்க விட்டுத்தான் வருவான். உள்ளே என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தலை வாருவான்.

சின்ன வயதிலிருந்தே அவன் மேல்பூச்சுக்காரன். பள்ளிக்கூடம் திறந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் வரும். அட்டை போடுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. மூலை பிசகாது, பசை கசியாது. அந்தப் புத்தகங்களுக்குள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் கடைசி வரை அவனுக்குத் தெரியாது. பிறகு ஒரு பரிசுப் பொருள் கடையில் காகிதம் சுற்றுகிற வேலை பார்த்தான். அங்கேயே இருந்திருந்தால் ஊருக்கு நல்லது. யாரோ சிபாரிசு செய்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாகச் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே அவன் வேலை வண்டி தள்ளுவது, குப்பை வாளி மாற்றுவது. நர்ஸ்கள் கட்டுப் போடும்போது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். பார்த்ததில் பாதியை மனதில் வாங்கினான், வாங்காத மீதியை அவனே இட்டுக்கட்டினான். ஒருநாள் நர்ஸ் ஒருத்தி கிருமி நீக்கிய தட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறாள். தட்டில் புண்ணில் வைக்கிற காஸ் துணிகள் கோணல் மாணலாகக் கிடந்தன. இவனுக்குப் பொறுக்கவில்லை. வாளி தூக்கிய கையோடு எல்லாவற்றையும் எடுத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து, அழகாக அடுக்கி வைத்திருக்கிறான். அவள் வந்து பார்த்துவிட்டு மொத்தத் தட்டையும் குப்பையில் கொட்டினாள். வேலை போனது.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னது இது: "அங்க யாருக்கும் ஒழுங்கே பிடிக்காதுக்கா. அலங்கோலமா இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி."

அதோடு விட்டானா. ஒரு தோள்பை வாங்கினான், கத்தரிக்கோல் வாங்கினான், பெட்டி நிறைய கையுறை வாங்கினான், வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் தொழிலை ஆரம்பித்தான். கையுறையை நோயாளி வீட்டில் போடமாட்டான். எங்கள் வாசலிலேயே போட்டுக்கொள்வான், தெரு பார்க்க வேண்டுமே. அந்தக் கையாலேயே வண்டிச் சாவியைத் திருகுவான், போனை எடுத்துப் பேசுவான், மூக்கைச் சொறிவான், போகிற வீட்டின் கதவைத் தட்டுவான், பிறகு அதே கையால் புண்ணைத் தொடுவான். தன் கை அழுக்காகாமல் இருக்கத்தான் கையுறை என்பது அவன் படிப்பு.

கட்டுத்துணிப் பாக்கெட்டுகளை அவன் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்திருப்பான். அங்கே வண்டி துடைக்கிற துணி இருக்கும், எண்ணெய்ப் புட்டி இருக்கும், மழை பெய்தால் தண்ணீரும் இருக்கும். நனைந்த பாக்கெட்டை வெயிலில் காயவைத்து, சுருங்கிய உறையைக் கையால் நீவி நேராக்குவான். பிரித்த பாக்கெட்டில் மிஞ்சியதைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவான். மறுநாள் வேறு வீடு, வேறு புண், அதே டப்பா. கேட்டால் டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டுவான்.

"மோந்து பாருக்கா. ஏதாவது வாசம் வருதா? அப்புறம் என்ன?"

ஜனங்களைச் சொல்ல வேண்டும். அவர்களும் வெள்ளையைப் பார்த்தார்கள், மூலையைப் பார்த்தார்கள், 'என்ன சுத்தம், என்ன சுத்தம்' என்று மாய்ந்து போனார்கள். சின்னச் சிராய்ப்புகள் தானாக ஆறின, பெயர் இவனுக்கு வந்தது. ஆறாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவர்கள் உடம்புவாகு சரியில்லை என்று இவன் சொன்னான். இப்படியே காலம் ஓடியிருக்கும், என் கணவர் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

என் கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். ஒரே வழித்தடம், ஒரே வண்டி, பல வருஷமாக. அந்த வண்டியின் முன்கண்ணாடியைக் கிளீனரைத் துடைக்க விடமாட்டார், அவரே துடைப்பார். என்னிடம் பேசியதைவிட அதன் கியரிடம் அதிகம் பேசியிருப்பார். அவருக்கு உட்காரும் இடத்தில் ஒரு கட்டி வந்தது. வெளியே கேட்டவர்களிடம் முதுகில் என்று சொன்னார். பார்க்க வந்த கிளீனர் விடவில்லை.

"முதுகுன்னு சொன்னீங்க, குப்புறப் படுத்துக்கிட்டு இடுப்புக்குக் கீழ தலகாணி வச்சிருக்கீங்க?"

"என் முதுகு கொஞ்சம் நீளம்டா" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். மேலே வாய் சிறிதாகவும் உள்ளே குழி ஆழமாகவும் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ், குரலை உயர்த்தாமல், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"இந்தக் குழிக்குள்ள நாடா மாதிரி இருக்கிற காஸ் துணி வைக்கணும். ஒரே துண்டா போகணும், வெட்டித் துண்டு துண்டா வைக்கக் கூடாது. நுனி வெளிய தொங்கணும். மறுநாள் அதப் பிடிச்சுத்தான் முழுசா இழுத்து எடுக்கணும். குழி அடியிலேர்ந்து தூர்ந்துக்கிட்டே மேல வரணும். மேல்வாய் முதல்ல மூடிட்டா உள்ள இருக்கிறது வெளிய வர வழி இல்ல."

"மிச்சமானத அடுத்த நாளைக்கு வச்சுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கெட்டப் பிரிச்சா அதோட சரிம்மா. தூக்கிப் போட மனசு வரலன்னா ஜன்னல் துடைங்க. புண்ணுக்கு வேணாம். உறை கிழிஞ்சிருந்தாலோ நனைஞ்சிருந்தாலோ அதுவும் வேணாம்."

தினமும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். தூரம் அதிகம், அவரால் எந்த வண்டியிலும் உட்கார முடியாது. என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் தம்பி கையுறையோடு வந்து நின்றான்.

"நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு மாமா? ஊருக்கே பாக்குறேன், உங்களுக்குப் பாக்க மாட்டேனா?"

நர்ஸ் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவனிடம் ஒப்பித்தேன். அவன் டேப்பை எடுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு யாருக்கா பாடம் எடுக்கிற?" என்றான்.

எனக்கு விருப்பமில்லை. என் கணவருக்கோ அந்த இடத்தை ஒரு ஆண் பார்ப்பதுதான் சங்கடம் இல்லாமல் இருந்தது. மச்சான் மனம் நோகக் கூடாது என்பது வேறு. இன்னொன்றும் இருந்தது. மாதக் கடைசிக்குள் டெப்போ டாக்டர் முன்னால் போய், வண்டி ஓட்டத் தகுதி என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய வண்டியை வேறு ஓட்டுநருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள், இவர் ஸ்பேர் ஆளாகிவிடுவார். ஆள் வராத வண்டி எதுவோ அதை ஓட்ட வேண்டும். ஆள் எல்லாரும் வந்துவிட்டால் டெப்போ வாசலில் டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும்.

"மச்சான், மாசக் கடைசிக்குள்ள உக்கார வச்சிடுவியா?" என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாலேயே குதிக்க வைக்கிறேன்" என்றான்.

கட்டுப் போடும்போது என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான். "பொம்பளைங்க இருந்தா மாமா கூச்சப்படுவார்." இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் என்ன கூச்சமோ. உள்ளேயிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். துணியை எதற்கு வெட்டுகிறான் என்று வெளியிலிருந்தே கேட்டேன். "வெளியில ஒட்டுறதுக்கு" என்றான். நான் வாங்கி வைத்த புதுப் பாக்கெட்டுகள் குறையவே இல்லை என்பதையும் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவைப் பிடுங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அவன் முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். குழந்தையைக் கிணற்றில் போட்டவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தான்.

"நல்ல துணிக்கா அது."

"நல்ல துணின்னா உனக்குச் சட்டை தச்சுக்கோ."

மறுநாள் வேறு டப்பா வந்தது.

ஒரு வாரம் போனதும் கதவைத் திறந்துகொண்டு வெற்றி வீரன் மாதிரி வெளியே வந்தான். புண்ணின் வாய் மூடிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்ன காலத்தில் பாதிகூட ஆகவில்லையாம். என் கணவர் மெத்தை ஒன்றைப் போட்டு நாற்காலியில் பாதி உட்கார்ந்தார், முகம் மலர்ந்தது. கிளீனருக்குப் போன் போட்டு, முன்கண்ணாடியை எவனும் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். தம்பி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். நான் மட்டும்தான் கேட்டேன்.

"அடியிலேர்ந்து தூர்ந்துச்சா, மேல மட்டும் மூடிச்சா?"

"உனக்கு நல்லது நடந்தாலே பிடிக்காதுக்கா."

அடுத்த சில நாளில் அவரால் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நல்ல சோப்புப் போட்டுத் துவைத்த போர்வையில் அழுகிய வாடை அடித்தது. தம்பி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், கையுறை போட்ட கையால். அதில் சூடு எப்படித் தெரியுமோ.

"உள்ள சதை வளர்ற வலி மாமா. வளரும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

"வாடை?"

"அது மருந்து வாடை."

அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. அவன் கட்டிய அழகான கட்டைப் பிரித்தேன். மூலை மூலையாக எவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தான் என்று இப்போதும் சொல்ல முடியும். அடியில் தோல் மூடித்தான் இருந்தது. சிவந்து, பளபளத்து, இழுத்துக் கட்டிய பலூன் மாதிரி. விரல் வைத்தால் சுட்டது. தொங்க வேண்டிய நுனியைத் தேடினேன். எங்கேயும் காணோம்.

"நுனி எங்கடா?"

"எல்லாம் எடுத்தாச்சுக்கா." கொஞ்சம் யோசித்தான். "எடுத்தாச்சுன்னுதான் நினைக்கிறேன்."

இரவல் வேன் ஒன்றின் பின்னால் மெத்தையைப் போட்டு, என் கணவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். தம்பிதான் ஓட்டினான். ஒவ்வொரு குழியிலும் இறக்கிப் பின்னாலிருந்து வசவு வாங்கினான். பஸ் ஓட்டுகிறவர் பின்னால் படுத்துக்கொண்டு, "கிளட்ச மிதிடா, கிளட்ச மிதி" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அதே கண்ணாடி போட்ட நர்ஸ். டாக்டர் வந்து மூடிய வாயை மறுபடி திறந்தார். முதலில் வந்ததை நான் சொல்லப் போவதில்லை, அந்த அறையில் இருந்த எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள் என்பது போதும். பிறகு நர்ஸ் இடுக்கியால் ஒரு துண்டை இழுத்தார். காஸ் துணியாக இருந்தது ஒரு காலத்தில். இப்போது சாம்பலும் பச்சையுமாக, கூழாக. அதைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி இடுக்கியை விட்டார். இன்னொரு துண்டு. அதற்கும் பின்னால் இன்னொன்று.

"இத யாரு வச்சது?" என்றார் நர்ஸ், குரலை உயர்த்தாமலே.

நான் சொல்லத் தேவையில்லை. அந்த அறையில் தொட ஒரு நோயாளி இல்லாமலே கையுறையோடு நின்றவன் அவன் ஒருத்தன்தான்.

"நான்தான் சிஸ்டர். ஆனா நல்லா அழகாத்தான் வச்சேன்."

"துண்டு துண்டா எதுக்கு வெட்டினீங்க?"

"மிஞ்சினது எல்லாம் சின்னச் சின்னதா இருந்துச்சு. சேத்துப் பாத்தா நீளம் சரியா வந்துச்சு."

"நுனிய ஏன் வெளிய விடல?"

அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு வருத்தம் தெரிந்தது. புண்ணுக்காக இல்லை.

"வெளிய தொங்கிச்சுன்னா கட்டு உப்பிக்கிட்டு இருக்கும் சிஸ்டர். ஓரமெல்லாம் தூக்கும். பாக்க அசிங்கமா இருக்கும். அதான் உள்ள தள்ளி விட்டுட்டு மேல சமமா ஒட்டினேன்."

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குப்புறப் படுத்திருந்த என் கணவர் தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"பாக்க அசிங்கமா? அத யாருடா பாக்கப் போறாங்க?"

அந்த வலியிலும் அவர் கேட்ட நியாயமான கேள்வி அது.

மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள், காய்ச்சல் இறங்கியதும் தினமும் வந்து போகச் சொன்னார்கள். வேன் ஓட்டும் வேலையைத் தம்பி தலையில் கட்டினேன். கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நிற்கவும் விடவில்லை. உள்ளே நின்று பார்க்க வைத்தேன். நர்ஸ் கையைக் கழுவுவார், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிரிப்பார், ஒரே நாடாவை மெதுவாக உள்ளே விடுவார், நுனியை வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்து டேப் ஒட்டுவார். மிஞ்சியதைக் குப்பையில் போடுவார். ஒவ்வொரு தடவை குப்பை வாளி மூடி திறக்கும்போதும் என் தம்பி அதற்குள் எட்டிப் பார்ப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சிஸ்டர், டேப் கொஞ்சம் கோணலா இருக்கு" என்றான். நர்ஸ் அடுத்த டேப்பை வெட்டினார். அவர் போட்ட கட்டு அப்படி ஒன்றும் பார்க்க அழகாக இல்லைதான். உப்பிக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கும். அதற்குள்ளே குழி அடியிலிருந்து தூர்ந்து வந்தது.

மாதக் கடைசி அதற்காக நிற்கவில்லை. என் கணவர் நுனி தொங்கத் தொங்க டெப்போவுக்குப் போனார். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். இவர் உட்கார்ந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி பிரேக்கை அழுத்திக் காட்டுங்கள் என்றார் டாக்டர். ஏறினார். அழுத்தினார். இறங்கும்போது சட்டை முழுக்க வேர்வை, முகத்தில் ரத்தம் இல்லை. டாக்டர் அவர் தோளைத் தட்டி, குணமான பிறகு வரச் சொன்னார். வண்டி அந்த வாரமே வேறு ஆள் கைக்குப் போனது. புது ஓட்டுநர் சின்ன வயசுக்காரர், வண்டியை நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார் என்று கிளீனர் வந்து சொன்னான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

புண் ஆறியது. தகுதியும் கிடைத்தது. ஸ்பேர் ஆளாகத்தான் கிடைத்தது.

இதெல்லாம் நடந்த பிறகாவது தொழிலை விட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை. அவன் தெருவில் சொல்லிக்கொண்டது வேறு கதை: மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தது சரியில்லாமல் போய், இவன்தான் தக்க சமயத்தில் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்க் காப்பாற்றினானாம். என் கணவர் அதைக் கேட்டும் மறுக்கப் போகவில்லை. "போகட்டும் விடும்மா, சின்னப் பையன்" என்றார். சின்னப் பையனுக்குத் தலையில் நரை.

ஒரு நாள் நான்கு வீடு தள்ளி இருக்கும் தையற்காரி வந்தாள். அவள் மாமனார் படுத்த படுக்கை, முதுகில் புண் வந்து ஆழமாகிவிட்டதாம்.

"உங்க தம்பி கட்டு ரொம்ப அழகா போடுவாராமேக்கா? வரச் சொல்றீங்களா?"

தம்பி உள்ளே இருந்தான். தலை வாரும் சத்தம் எனக்குக் கேட்காது, ஆனாலும் கேட்டது.

"அழகாத்தான் போடுவான்" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்குக்கூட அழகாப் போட்டான். உள்ள மூணு துண்டு துணிய வச்சு மூடிட்டு அழகாப் போட்டான். அவர் வண்டி போச்சு. உங்க மாமனார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். "அப்ப தம்பி?"

"வேன் ஓட்டுவான். அதுவும் குழி பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தெருவில் கட்டுக்கு ஆள் கூப்பிடுவது குறைந்துவிட்டது, நான்தான் காரணமாம். ஆமாம், நான்தான் காரணம். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. என்னோடு பேசாதவன் மாமாவோடு பேசுவதற்குத் தினமும் வருகிறான். கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான்.

என் கணவருக்கு வேலை வராத நாட்களில் அவர் கூடத்திலேயே இருப்பார். பழைய வண்டி எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போகும்போது அதன் சத்தம் அவருக்குத் தெரியும், எத்தனை வண்டி போனாலும் அது தனியாகத் தெரியும். கையில் இருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பார். அது போய் முடியும் வரை நானும் அடுக்களையில் எதையும் உருட்டமாட்டேன்.

போன வாரமும் அந்த வண்டி அப்படிப் போனது. தம்பி சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான், அவர் முழங்கையைத் தட்டினான்.

"மாமா, உங்க வண்டி போகுது பாருங்க. முன்கண்ணாடி எப்படிப் பளபளன்னு இருக்கு."

நான் போய்ச் சன்னலைச் சாத்தினேன்.